கண் எழுதுகிறவன்

சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை ஒன்றின் மாடியில் மீன் கட்டுகிறார்கள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நிஜம்தான். கனடாவில் குளிர் ஏரிகளில் ட்ரவுட் என்று ஒரு பெரிய மீன் இருக்கிறதாம். குஞ்சு மீன்களைத் துரத்தித் துரத்தித் தின்னுமாம். அதை ஏமாற்ற, தூண்டில் முள்ளின் மேல் மான்வால் முடியும் கோழி இறகும் வெள்ளிச் சரிகையும் வைத்து நூலால் இறுக்கி, விரல் நீளத்துக்கு ஒரு பொய்மீன் கட்ட வேண்டும். ஒன்பது பெண்கள் கட்டினார்கள். கண் மட்டும் லிங்கம் எழுதினான்.

கண் இல்லாவிட்டால் அது மீன் இல்லை, வெறும் மயிர்க்கற்றை. நூல் சுற்றி வார்னிஷ் பூசிய தலை மிளகை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஆணித் தலையை மஞ்சள் பெயிண்டில் தொட்டு அதில் ஒரு பொட்டு. அது காய்ந்ததும் குண்டூசி நுனியால் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. மறுபக்கமும் அதே மாதிரி. புள்ளி மயிரிழை விலகினாலும் மீன் மாறுகண்ணாக முழிக்கும். ஒட்டுக்கண் வாங்கி ஒட்டிவிடலாமே என்றால், வாங்குகிறவர்களுக்கு எழுதிய கண்தான் வேண்டுமாம்.

லிங்கம் வள்ளியூர்ப் பக்கத்து வேளார் வீட்டுப் பிள்ளை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு மண்ணில் அம்மன் உருவம் செய்து கண் திறக்கிற குடும்பம். அந்தப் பழக்கத்தை இங்கேயும் விடவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, மீனுக்கு மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் கண்ணில் கை வைப்பான். சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போய் வந்த நாளில் ஊசியைத் தொடமாட்டான். பக்கத்து மேசை அஜிதா, மீனுக்குக் கொடை எப்போது, கிடா வெட்டு உண்டா என்று கேலி பேசுவாள். அவனும் சிரித்துக்கொள்வான்.

அன்று வெள்ளிக்கிழமை. அறுநூறு மீன் சாயங்காலம் கூரியரில் ஏற வேண்டும். பாதிக்கு இன்னும் கண் இல்லை. இந்த முறையும் பிந்தினால் வேறு நாட்டில் வாங்கிக்கொள்கிறோம் என்று கனடாக்காரர்கள் கண்டிப்பாக எழுதியிருந்தார்கள். முதலாளி ஸ்ரீநிவாஸ் கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரர், நல்ல மனிதர். காலையிலிருந்து மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்.

பத்து மணிக்கு லிங்கத்தின் போன் அடித்தது. தெரியாத எண். பேசியது பங்காளி சுடலைக்கண்ணு. அண்ணன் உச்சிமாகாளி விடியற்காலையில் போய்விட்டானாம், நெஞ்சுவலி. அண்ணனுடைய போனிலிருந்துதான் பேசுகிறேன் என்றான். இரண்டும் பெண் பிள்ளைகள், கொள்ளி வைக்க வேண்டியவன் நீ, மூன்று மணிக்கு எடுக்கிறோம், வந்தால் வா, வராவிட்டால் நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டான்.

"யாரு அண்ணா மரிச்சது?" என்று அஜிதா கேட்டாள்.

"ஊர்ல ஒருத்தர்" என்றான் லிங்கம். சொல்லிவிட்டு ஊசியைக் கையில் எடுத்தான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவனுடைய எட்டு மாதப் பெண் குழந்தை காய்ச்சலில் செத்தது. அப்போது ஊரில் கொடைக்குப் பந்தல்கால் நாட்டியாகியிருந்தது. பல் முளைக்காத பிள்ளைக்கு மூன்று நாள்தான் தீட்டு என்று பெரியவர்கள் கூடி முடிவு சொன்னார்கள். நாலாம் நாள் அண்ணன் தலைமுழுகிவிட்டு வந்து இசக்கியம்மனுக்குக் கண் திறந்தான். இசக்கியின் கையில் ஒரு பிள்ளை இருக்குமே, அதற்கும் திறந்தான். கூட்டத்தோடு கூட்டமாக நின்று லிங்கம் பார்த்தான். அண்ணன் கை ஒரு இம்மிகூட நடுங்கவில்லை. எழுதிய கண் அவ்வளவு அழகாக இருந்தது. ஊர் பார்க்க, என் பிள்ளை செத்தது உனக்குச் சாவு இல்லையா என்று கேட்டான். அண்ணன் குனிந்து தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தான். அன்றைக்கே பெஞ்சாதியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியவன்தான், பிறகு ஊர்ப்பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

இப்போது லிங்கத்தின் முறை. சாவு காதில் விழுந்த நொடியிலிருந்து தீட்டு என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் எழுதினான். உன் சாவும் எனக்குச் சாவு இல்லையடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மஞ்சளை வைத்தான், கறுப்பை வைத்தான், அடுத்த மீனை எடுத்தான்.

அஜிதா கட்டுவதை நிறுத்திவிட்டாள். போனில் வந்த சத்தம் அவளுக்கும் பாதி கேட்டிருந்தது. மெதுவாகச் சொன்னாள், "கூடப்பொறந்த ஆளுன்னா போணும், கேட்டோ. பிறகு நெனச்சா போக ஒக்காது." அவன் நிமிரவில்லை. உன் வேலையைப் பார் என்றான். வயசுக்கு மூத்தவன் அப்படிச் சொன்ன பிறகு அவள் என்ன செய்வாள்? திரும்பிக்கொண்டாள்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். லிங்கம் அதற்குத்தான் உள்ளுக்குள் காத்திருந்தானோ என்னவோ. ஒரு மீனிலாவது புள்ளி விலகும், ஊசி வழுக்கும் என்று எதிர்பார்த்தான். நாற்பது மீன் முடிந்தது. எழுதியதை வரிசையாக வைத்துப் பார்த்தான். எல்லாக் கண்ணும் அச்சில் வார்த்தது போல இருந்தன. இந்த வேலைக்கு வந்த எட்டு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக அவன் எழுதியதே இல்லை.

கை நடுங்காதவனுக்கு மனசு இல்லை என்றுதானே ஒன்பது வருஷமாக அண்ணனைத் திட்டித் தீர்த்தான்? இதோ தன் கையும் நடுங்கவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் என்ன ஓடுகிறது என்பது அவனுக்கல்லவா தெரியும். சின்ன வயசில் மண் குழைக்கக் கற்றுக்கொண்டபோது அவன் காலோடு கால் வைத்து மிதித்தவன் அண்ணன். அன்றைக்கு ஊர் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு இசக்கியின் முன்னால் நின்றபோது அண்ணன் எதை விழுங்கிக்கொண்டு எழுதினானோ. கேட்டிருக்கலாம். அவன் இருந்தபோது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இனி யாரிடம் போய்க் கேட்பது?

லிங்கம் ஊசியைக் கீழே வைத்தான். தின்னரில் துணியை நனைத்து, பத்து மணிக்குப் பிறகு எழுதிய கண்களை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தான்.

படியேறி வந்த ஸ்ரீநிவாஸ் அதைப் பார்த்துப் பதறிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். உமக்குப் பைத்தியமா என்றார்.

"சாமி, இனி நான் கண் எழுதப்படாது. எங்க அண்ணன் தவறிட்டாரு. எனக்குத் தீட்டு" என்றான் லிங்கம். "இதெல்லாம் தீட்டோட எழுதினது. இருக்கக் கூடாது."

ஸ்ரீநிவாஸ் மணிக்கட்டை விட்டார். மேசை மேல் குருடாகக் கிடந்த மீன்களைப் பார்த்தார். அவருக்கும் கோபம் வந்தது, வராமல் என்ன. "கனடாக்காரனுக்கு தீட்டுன்னா என்னன்னு நான் எப்படி எழுதறது, சொல்லுங்கோ" என்றார். ஒன்பது பெண்களும் கை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தச் சரக்கு போகாவிட்டால் நாளை அவர்களுக்கு வேலை இருக்குமா என்பதும் எல்லோருக்கும் தெரியும். அவர் ஒருமுறை அவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டார். மூன்று மணிக்கு என்றதும் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே கால்.

"நிக்காதீங்கோ. கிளம்புங்கோ" என்றார்.

அஜிதா செருப்பை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள். அவன் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. வெறுங்காலோடு இறங்கி ஓடி, தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் புறப்பட்டுக்கொண்டிருந்த நாகர்கோவில் பஸ்ஸில் தொற்றி ஏறினான்.

நாகர்கோவிலில் இறங்கி வள்ளியூருக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டும். எப்படிக் கணக்குப் போட்டாலும் மூன்று மணிக்குள் போய்ச் சேருவது கஷ்டம். பாலராமபுரம் தாண்டும்போது, காலையில் வந்த அண்ணனின் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தான். ஒப்பாரிச் சத்தத்துக்கு நடுவே யாரோ ஒரு பெரியவர் எடுத்தார். பழக்கமில்லாத குரல்.

"யாரு பேசுதது?" என்றார்.

பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்க, லிங்கம் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். போனில் அந்தப் பெரியவர் மறுபடியும் யாரு, யாரு என்று கேட்டார்.

"தம்பி பேசுதேன்" என்றான். "அவருக்குக் கூடப்பொறந்த தம்பி. வந்துக்கிட்டிருக்கேன். எடுத்துராதீக."