சுவரிடம் சொன்னது

விதை உருளைக்கிழங்கை என்னைக் கேட்காமல் தன் தங்கைக்குத் தூக்கிக் கொடுத்ததிலிருந்து, என் வீட்டுக்காரர் எவரிஸ்தோவோடு மூன்று நாளாக எனக்குப் பேச்சில்லை. இன்று காலை சூப் கிண்ணம் அவர் கையிலிருந்து விழுந்தது. கோபத்தில் போட்டுடைக்கிறார் என்று நினைத்தேன். என் வாய் சும்மா இருக்குமா?

"கொட்டினவங்களே துடைக்கட்டும்!" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, லாமா மந்தையை ஓட்டிக்கொண்டு போனேன்.

சாயங்காலம் திரும்பியபோது தரையில் கிடந்தார். லாரி பிடித்து, மலையிறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தோம்.

"பக்கவாதம்மா, வலது பக்கம் விழுந்துடுச்சு. நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ஊசி போட்டிருக்கலாம்," என்றார் டாக்டர். "காலையில வாய் கோணியிருந்துச்சா? நீங்க பாக்கலையா?"

அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. வாசல் தாண்டும்போது ஓரக்கண்ணில் பட்டது கை மட்டும்தான். நான் சொன்னபடியே துடைத்துக்கொண்டிருந்தார், இடது கையால்.