நேராகப் போன படகு

எலக்ட்ரீஷியனுக்குக் கடல் என்றாலே குமட்டிக்கொண்டு வரும். இருந்தும் வருஷக்கணக்காக மனைவியின் சின்னப் பாய்மரப் படகில் ஏறிக்கொண்டுதான் இருந்தார். அவள் பாயை ஏற்றி இறக்கும்போது சுக்கானைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே! அந்த ஆள் இவர்தான், கட்டிக்கொண்ட பாவம்.

இப்போது அவள் ஒரு கருவி வாங்கி வந்திருந்தாள். பாட்டரியில் ஓடும், கை நீளத்துக்கு ஒரு தண்டு. ஒரு முனையை இருக்கைப் பலகையில் ஊன்றி, மறுமுனையைச் சுக்கான் கட்டையில் மாட்டிவிட்டால், அதுவே தள்ளியும் இழுத்தும் திசை மாறாமல் படகை ஓட்டும்.

"இனிமே நீங்க வாந்தி எடுத்துக்கிட்டு வர வேணாம். எதிர்த் தீவுக்கு நான் மட்டும் போயிட்டு வந்துடுவேன்," என்றாள். கணக்கு டீச்சர். ஓய்வு பெற்ற பிறகும் குரல் மட்டும் வகுப்பை விட்டு வெளியே வரவில்லை.

விடுதலை கிடைத்த மனுஷர் துள்ளிக் குதிக்க வேண்டாமா? அவருக்கோ பகீரென்றது. கையால் ஓட்டும்போது ஆள் தவறி விழுந்தால், பிடிப்பாரில்லாத படகு காற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றுவிடும். இந்தக் கருவி அதை நிற்க விடாது.

"நீ விழுந்தா படகு உன்னை விட்டுட்டுப் போயிடும்மா."

"நான் எதுக்கு விழறேன்? உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

அதற்கு மேல் பேசினால் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

கருவியைப் படகில் மாட்டும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. அதற்குள் ஒரு திசைகாட்டி இருந்தது. பக்கத்தில் ஓர் இரும்புத் துண்டை ஒளித்து வைத்தால் போதும், கருவி கண்ட திசையில் அலையும். அவளும் வெறுத்துப் போய்த் தூக்கி எறிந்துவிடுவாள். நினைத்துப் பார்த்தார். கை ஒத்துக்கொள்ளவில்லை. மட்டம் பார்த்து, துளை போட்டு, ஒயரைத் தண்ணீர் புகாமல் இழுத்து, இம்மி பிசகாமல் முடித்தார். திருட்டுத்தனத்துக்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும் போல!

மறுநாள் வெள்ளோட்டம். கருவி முனகியது, படகு கோடு போட்டாற்போல் போனது.

"பாத்தீங்களா, உங்களைவிட நல்லா ஓட்டுது!" என்று சிரித்துவிட்டு, அவள் பாயைச் சரிசெய்ய முன்பக்கம் போனாள்.

எலக்ட்ரீஷியன் மிதவைச் சட்டையின் வாரை இறுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு கடலில் குதித்துவிட்டார்.

உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. தலையைத் தூக்கிப் பார்த்தால் படகு போய்க்கொண்டிருந்தது, கொஞ்சமும் கோணாமல், அவர் மாட்டிக்கொடுத்தபடியே. அவள் முதுகுதான் தெரிந்தது. காற்று இரைச்சலில் அவர் விழுந்தது அவளுக்குக் கேட்கவே இல்லை.

"ஐயோ, திரும்பிப் பாரேன்!" என்று அலறினார்.

ஒருவழியாக அவள் திரும்பிப் பார்த்தாள். ஓடி வந்து தண்டைப் பிடுங்கிப் போட்டு, படகைத் திருப்பிக் கொண்டுவந்து, அவரைச் சட்டையோடு பிடித்து மேலே இழுத்தாள். இழுத்த கையோடு முதுகில் நாலு அடி வைத்தாள்.

"அறிவிருக்கா? செத்திருப்பீங்களே!"

"நான் விழுந்தேன், நீ வந்தே." அவருக்குப் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. "நீ விழுந்தா யாரும்மா வருவா?"

டீச்சர் மூக்கைச் சிந்திக்கொண்டு, "தனியா போகல. போதுமா?" என்றாள்.

போதும்தான். அவருக்கு நெஞ்சு லேசாயிற்று. ஆனால் அவள் கருவியை மறுபடி மாட்டாமல், சுக்கான் கட்டையைத் தானே பிடித்துக்கொண்டு, தீவின் பக்கம் பார்க்காமலே படகைக் கரைக்குத் திருப்பியபோது, அவருக்கு வெட்கமாக இருந்தது. "தனியாவே போயிட்டு வாம்மா," என்று சொல்ல வாயைத் திறந்தார்.

சொல்லவில்லை.