பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை

கத்தலினோ செத்து ஆறு வருஷம் ஆகியும் அவனுடைய குறட்டை ஒரு நாள்கூட லீவு போடவில்லை. மதியம் ஒரு மணிக்கு எங்கள் ஊர் சான் புரூடென்சியோவில் கடைகள் மூடி, நாய்கள் படகு நிழலில் சுருண்டதும், அவன் மனைவி உபால்தினாவின் இலவம்பஞ்சு மெத்தையில் இடது பக்கத்திலிருந்து அது கிளம்பும். மூன்று மணிக்கு டாண் என்று நிற்கும். உயிரோடு இருந்தபோது ஊர் பேண்டில் பெரிய பித்தளைக் குழல் ஊதியவன் என்பதால் நல்ல கனத்த குரல். படகுக்காரர்கள் அதை வைத்து மணி பார்த்துக்கொண்டார்கள். ஊருக்கு அதனால் வசதிதான். அவஸ்தை உபால்தினாவுக்கு மட்டும். ராத்திரியெல்லாம் மரவள்ளி ரொட்டி சுட்டு, காலையில் படகுத்துறையில் நின்று விற்கிறவளுக்கு, கண்ணை மூடக் கிடைப்பது அந்த இரண்டு மணி நேரம்தான். கத்தலினோவோடு வாழ்ந்த முப்பத்தொரு வருஷமும் சேர்த்து, ஒரு மதியம்கூட அவள் முழுசாகத் தூங்கியதில்லை. இதைப் பற்றி யாரும் அவளிடம் கேட்டதில்லை. பாவம், புருஷன் நினைவாகத்தான் அவளுக்குக் கண் சிவந்திருக்கிறது என்று ஊர் நம்பியது.

படகு மோட்டார் ரிப்பேர் செய்கிற எலியேசர் மூன்றாவது முறையாக அவளைப் பெண் கேட்ட மார்ச் மாதம், அவள் சம்மதித்தாள். அவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "செத்தவன் படுத்த மெத்தையில நான் படுக்க மாட்டேன். குறட்டை அந்தப் பஞ்சுக்குள்ளதான் இருக்கு. புதுசா ஒண்ணு வாங்கிடு, எல்லாம் சரியாப் போயிடும்." மோட்டார் விஷயத்தில் அவன் சொன்னது தப்பியதில்லை என்பதால் அவளும் நம்பினாள்.

எங்கள் ஊரில் மெத்தைக் கடை ஒன்றுதான். அதை நடத்துகிற யமீலே, சிரியாவிலிருந்து வந்த குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை. சொந்தத் தலையணையோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கடை ஜன்னலோரம் ஒரு மதியம் முழுக்கப் படுத்துப் பார்க்காமல் அவள் யாருக்கும் மெத்தை விற்றதில்லை. ஆகவே அந்த வாரம் ஊரே ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆளாளுக்கு யோசனை சொன்னது. முதல் மெத்தையில் உபால்தினாவுக்கு யமீலேயின் அம்மா கண்ட கனவு வந்துவிட்டது. எழுந்ததும் அரபியில் ஆலிவ் விலை கேட்டாள். இரண்டாவது நுரை மெத்தை. அதில் அவள் கழுத்து வரை அமிழ்ந்துபோக, சுமை தூக்குகிற இரண்டு பேர் கயிறு போட்டு இழுத்தார்கள். அவளோடு, பாதிரியார் இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடியும் வெளியே வந்தது. அது அங்கே எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் வாங்கித் துடைத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மூன்றாவது ஸ்பிரிங் மெத்தை. கொஞ்சம் விறைப்பு, ஆனால் நடத்தையில் குறை சொல்ல முடியாது. அதையே எடுத்துக்கொண்டாள். பழைய மெத்தையை எலியேசரே மதியம் இரண்டு மணி வாக்கில் தோளில் சுமந்துபோய் மக்தலேனா ஆற்றில் விட்டான். அது சத்தமே இல்லாமல் மிதந்து போனது. அப்போதே அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் குறட்டை வீட்டிலேயே தங்கிவிட்டது. கல்யாணம் முடிந்த மறுநாள் ஒரு மணிக்கு அது தண்ணீர்ப் பானையிலிருந்து கேட்டது, அப்புறம் ரேடியோவுக்குள்ளிருந்து, அப்புறம் எலியேசர் ஆணியில் மாட்டியிருந்த கால்சட்டையிலிருந்து. மெத்தைக்குள் மட்டும் அதனால் நுழைய முடியவில்லை. காரணம், பிளாஸ்டிக் உறை. எங்கள் ஊரில் அந்த உறையைப் பிரிக்கிற வழக்கம் கிடையாது. பிரித்தால் மெத்தை பழசாகிவிடும், அழுக்காகிவிடும், நாளைக்கு யாராவது பெரிய மனிதர்கள் வந்தால் எதைக் காட்டுவது? யமீலே வீட்டு சோபாவுக்கு அவள் பாட்டன் காலத்து உறை இன்னும் இருக்கிறது. எட்டு மாதம் எலியேசர் அந்த உறைமேல் படுத்தான். நாற்பது டிகிரி வெயிலில் முதுகு ஒட்டிக்கொண்டு, புரண்டால் அப்பளம் நொறுங்குகிற சத்தத்தோடு, ஒரு மதியத்துக்கு ஆறு தடவை வழுக்கித் தரையில் விழுந்தான். ஒவ்வொரு முறை விழும்போதும் கால்சட்டை குறட்டை விட்டது. உபால்தினா கண்ணைத் திறந்தபடி கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை எலியேசர் ரப்பர் வெட்டும் கத்தியை எடுத்து, உறையைத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை கிழித்தான். கத்தலினோ காத்திருந்தவன்போல அந்தக் கிழிசல் வழியாக உள்ளே புகுந்து, தன் இடது பக்கத்தில் செட்டிலாகி, ஆரம்பித்தான். எலியேசர் மெத்தையில் காதை வைத்துக் கேட்டான். அவன் முகம் மாறியது.

"உபா, இது நல்ல மோட்டாருடி. ரெண்டாவது சிலிண்டர் மட்டும் லேசா அடைச்சிருக்கு. மத்தபடி என்னா ஓட்டம்!"

அவன் அப்படியே சாய்ந்தான். இரண்டு நிமிஷத்தில் அவனும் குறட்டை விட்டான். செத்தவன் அடியில் பிடிக்க, இருக்கிறவன் மேலே எடுத்தான். ஒருவன் மூச்சு வாங்கும்போது மற்றவன் விட்ட இடத்தில் தொடர்ந்தான். ஜன்னலுக்கு வெளியே ரசித்துக் கேட்டவர்கள், பேண்டு கலைந்த பிறகு இப்படி ஒன்று கேட்டதில்லை என்றார்கள். நடுவில் உபால்தினா எழுந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே அவர்களோடு நின்றிருந்த எனக்கு அந்த இரண்டு பேர் மேலும் பொல்லாத கோபம் வந்தது. அவளுக்கு அழுகை வந்தது, கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு தலையணையை இடுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

யமீலே அப்போதுதான் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒத்த ஆள் மெத்தை ஒண்ணு குடுங்கக்கா."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"ஐயோ, ரெண்டாவது புருஷனும் போயிட்டானா?"

"ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க."

கடையில் இருந்ததிலேயே குறுகலான மெத்தையை உபால்தினா கைகாட்டினாள். ஒரு ஆள் படுத்தால் ஒரு பூனைக்குக்கூட இடம் மிஞ்சாது. யமீலே வாயைத் திறப்பதற்குள் அதன் உறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கிழித்துப் போட்டாள். "கிழிச்சா வாங்கியாகணும்டி!" என்று யமீலே பதறினாள். "வாங்கிட்டேன்" என்று சொல்லி, வெறும் துணிமேல் கன்னத்தை வைத்தாள். நாளைக்கென்று எடுத்து வைக்காமல் அவள் அனுபவித்த முதல் பொருள் அதுதான்.

மூன்று மணி ஆயிற்று, ஐந்து ஆயிற்று, அவள் எழவில்லை. சுமை தூக்குகிறவர்கள் மெத்தையை அவளோடு தூக்கித் தோளில் வைத்துத் தெரு வழியாகக் கொண்டுபோனார்கள். புதிதாக ஏதோ மாதாவின் ஊர்வலம் என்று நினைத்து இரண்டு கிழவிகள் மண்டியிட்டார்கள். ஒருத்திக்கு மூட்டு வலி அன்றைக்கே போயிற்று. மெத்தையை அடுப்படிக்குப் பக்கத்து அறையில் இறக்கினார்கள். மறுநாள் ஒரு மணிக்குக் கத்தலினோவின் குறட்டை அந்த அறை வாசல் வரை வந்து, தனக்கு இடமில்லை என்று பார்த்துவிட்டு, எலியேசரிடமே திரும்பிப் போனது. ஊர் மூன்று நாள் ரொட்டி இல்லாமல் வாழைக்காய் வேகவைத்துத் தின்றது. யாரும் அவளை எழுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அவள் எழுந்து முகம் கழுவினாள். மூன்று நாளும் என்ன கனவு வந்தது என்று யமீலே ஆவலாகக் கேட்டாள்.

"ஒண்ணுமே வரலக்கா" என்றாள் உபால்தினா, முகமெல்லாம் சிரிப்பாக. பிறகு மாவு பிசைய உட்கார்ந்தாள்.