வெள்ளையணு குறைந்த வாரம்

இப்போதுள்ள ஆட்களுக்கு நோயாளி வீட்டுக்கு வருவதென்றால் உல்லாசப் பயணம் மாதிரி. கையில் ஆரஞ்சுப் பை, மூக்கில் சளி, வாயில் ஊர்க்கதை. கட்டிலோரம் உட்கார்ந்து, "முடியெல்லாம் போச்சே தாயி" என்று ஒரு பாட்டம் அழுதுவிட்டு, சாயா கேட்பார்கள். வெட்கமே கிடையாது.

என் மனைவி செபமாலையம்மாளுக்கு மார்பில் கட்டி. அறுப்பதற்கு முன்னால் கீமோ மருந்து ஏற்றி அதைச் சுருக்க வேண்டுமாம். ஒவ்வொரு தடவை ஏற்றிய பிறகும் ரத்தத்தில் வெள்ளையணு குறையும், அந்த வாரம் காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து, உடனே கொண்டுவரணும் என்று நர்ஸ் சொன்னாள். நான் படிக்காதவன். அவள் சொன்னதில் உயிருக்கே ஆபத்து என்பது மட்டும் புரிந்தது.

அதனால் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். சர்ச்சிலிருந்து வந்த ஜெபக் கூட்டத்தையே திருப்பி அனுப்பினேன். பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள் மட்டும் நான் பால் வாங்கப் போன நேரம் பார்த்து உள்ளே புகுந்துவிட்டாள். திரும்பி வந்தால் ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சுருளி தும்முகிறாள்.

"எந்திரிச்சு வெளிய போ!"

"ஏண்ணே, நான் என்ன பேயா?"

"தும்முறியே, அது என்ன பன்னீரா?"

"நாள் முழுக்க இவரு மூஞ்சியவே பாத்துட்டு கெடக்கேன் மதினி. கட்டியவிட இதுதான் கொடும" என்றாள் செபமாலை. மறுபடியும் சிரிப்பு.

ரெண்டு நாள் கழித்துக் காலையில் அவளுக்கு நடுக்கம் வந்தது. நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. வாடகை ஜீப் ஓட்டும் ஷிஜுவைக் கூப்பிட்டு வண்டியில் ஏற்றினோம். வளைவுக்கு வளைவு அவள் பல் கிடுகிடுத்த சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் அவளைக் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறைக்குள் கொண்டுபோனார்கள். டின்சி டாக்டர் மலையாளத்துப் பெண். தமிழும் பேசுவாள்; வயதானவர்களை அப்பச்சா என்றுதான் கூப்பிடுவாள்.

"வெள்ளையணு கவுண்ட் ரொம்பக் குறைவு, அப்பச்சா. மருந்து தொடங்கியாச்சு. நாளை வரைக்கும் பார்க்கணும்."

"அந்தச் சுருளி தும்முனதுதான காரணம்?"

"அவங்களைக் குத்தம் சொல்ல வேண்டா. இந்தக் காய்ச்சல் பாதிக்கு மேல வெளியிலேருந்து வர்றதில்ல. எல்லார் வாயிலயும் குடல்லயும் கிருமி இருக்கு. தடுக்க வெள்ளையணு இல்லாதப்போ அதுவே ரத்தத்துல ஏறிடும்."

எமன் உள்ளேயே படுத்திருந்தானென்றால் வாசலில் உட்கார்ந்து நான் யாரைத் தடுத்தேன்? ஆனால் நம்பவில்லை. படித்தவர்கள் சமாதானத்துக்கு எதையாவது சொல்வார்கள்.

மறுநாள் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. டாக்டர் சிரித்த முகமாக வந்தாள்.

"இன்னொரு நல்ல விஷயம். முன்னாடி கட்டியிலேருந்து ஊசி குத்திச் சதை எடுத்தோமில்ல, அதுல எதிர்ப்பு அணுக்கள் நிறையத் தெரியுது. காவல்காரங்க மாதிரி கட்டிக்குள்ளயே நிக்குது. அப்படி உள்ளவங்களுக்கு மருந்து நல்லாப் பிடிக்கும்."

"நான் ஏலக்காய்த் தோட்டத்துல காவலுக்கு இருந்தவன் டாக்டர். காவலுக்கு ஆள் இருந்தும் மூடை மூடையாக் காய் களவு போயிருக்கு. இவனுக உள்ள நிக்கையிலதான கட்டி இம்புட்டு வளந்துச்சு? தூங்குனானுகளா?"

"சிலது தூங்கும். மருந்து எழுப்பிவிடும்."

"பொழைப்பாளா? அதச் சொல்லுங்க."

"உறுதி சொல்ல முடியாது. நல்ல சான்ஸ் இருக்கு."

நல்ல சான்ஸ். லாட்டரி விற்கிறவனும் அதைத்தான் சொல்கிறான்.

"மாஸ்க் போட்டு, கையக் கழுவிட்டு உள்ள போய் உட்காருங்க. உங்களத்தான் கேட்டுட்டே இருக்காங்க."

கண்ணாடி வழியே பார்த்தேன். செபமாலை ஊசி ஏறிய கையைத் தூக்கி, வாங்க என்றாள். சத்தம் கேட்கவில்லை, உதடு தெரிந்தது.

இத்தனை நாளும் பால் கடை, ரேஷன் கடை, பஸ் கூட்டம் என்று எல்லா இடத்திலும் இடிபட்டு வந்து, அதே கையால் அவளுக்குப் போர்த்திவிட்டவன் யார்? நான்தான். உள்ளேயிருந்து வந்தது என்கிறாள் டாக்டர். அவள் சொல்வது சரியென்றால் இப்போது நான் உள்ளே போகாததால் செபமாலைக்கு ஒரு நட்டமுமில்லை. தப்பென்றால், காய்ச்சலைக் கொண்டுவந்தது இந்தக் கைதான்.

"போங்க அப்பச்சா, பயப்பட ஒண்ணுமில்ல" என்றாள் டாக்டர்.

பயப்பட ஒன்றுமில்லையாம். செபமாலையின் கை இன்னும் இறங்கவில்லை. நான் கண்ணாடிப் பக்கம் திரும்பாமல் மாடிப்படியை நோக்கி நடந்தேன்.