கடல் கடந்து வந்த ஜடை

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடையின் மாடியில் விஜயலட்சுமியின் பியூட்டி பார்லர் இருக்கிறது. மதிய நேரத்தில் அங்கே போகிறவருக்குத் தூக்கம் வரும். மின்விசிறி சுற்றும், எதிர்க் கண்ணாடிக்குள் இன்னொரு மின்விசிறி சுற்றும். கீழே “சின்னசேலம், சின்னசேலம்” என்று கூவுகிற குரல் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வருவதுபோலக் கேட்கும். அங்கே வேலை செய்கிற தைலம்மாள் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, புருவம் எடுக்கும் நூலை விரலில் சுற்றிக்கொண்டே, கண் திறந்தபடி கனவு காண்பாள். கனவுக்கு இன்னும் யாரும் வரி போடவில்லை.

முன்பெல்லாம் அவளுக்குக் கனவு காண நேரம் ஏது? பிளீச், ஃபேஷியல் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கட்டு வரைக்கும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் நாடும் நாடும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. இதற்கு வரி இல்லை, அதற்கு வரி கம்மி என்று யாரோ எங்கோ கையெழுத்துப் போட, முகத்தில் ஒட்டுகிற ஈரத் தாள் கொரியாவில் கப்பலேறி வடக்கனந்தல் வரைக்கும் வந்துவிட்டது. செல்போனில் ஒரு தட்டு தட்டினால் போதும், வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறான். தாளை ஒட்டிக்கொண்டு ஒரு சீரியல் பார்த்து முடித்தால் ஃபேஷியலும் முடிந்தது. தொட்டுத் தடவ இன்னொருத்தியின் கை வேண்டாம். நாடுகள் சம்பந்தம் செய்துகொண்டால் சீர்வரிசை யார் வீட்டுக்கோ போகும். பந்தியில் எச்சில் இலை எடுக்கிறவர்கள் வேறு யாரோ. விஜயலட்சுமி இலை எடுக்கிற பக்கம் நின்றாள்.

மிச்சம் இருந்தது கல்யாண வேலை. எந்த மணப்பெண்ணும் தாளை ஒட்டிக்கொண்டு மணையில் உட்கார முடியாது அல்லவா? ஆனால் அங்கேதான் தைலம்மாளுக்கு முட்டுக்கட்டை. கருணாபுரத்தில் தெருவே சேர்ந்து அழுத அந்த ஆனி மாதத்தில் அவள் புருஷன் ராசுவும் போய்விட்டான். மூட்டை தூக்கி வலித்த உடம்புக்கு என்று எல்லோரையும் போலப் பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்தவன், அதில் விஷம் கலந்திருந்தது. தாலியில்லாத கழுத்தோடு ஒருத்தி மணப்பெண்ணைத் தொட்டுச் சிங்காரிப்பதா? புருவம் எடுக்க அவள் கை ஆகும், கல்யாணத்துக்கு ஆகாது. இது எந்த ஒப்பந்தத்திலும் எழுதாத சட்டம், ஆனால் இதற்கு மட்டும் தள்ளுபடியே கிடையாது.

இந்த நிலையில்தான் வடக்கனந்தல் லட்சுமியம்மாள் படியேறி வந்தாள். நெல்லும் கரும்புமாக நிலம் வைத்திருக்கிற குடும்பம். மகள் செந்தமிழ்ச்செல்விக்குக் கல்யாணம், கரியாலூரில், மலைமேல் இருக்கிற குலதெய்வம் கோயிலில். பெண்ணுக்கு டெங்கு வந்து முடியெல்லாம் கொட்டி, இப்போதுதான் காதுவரை வளர்ந்திருந்தது. ஜடைக்கு ஒட்டுமுடி வேண்டும். லட்சுமியம்மாள் அதற்குப் போட்ட நிபந்தனையைத் தைலம்மாள் மூலையில் இருந்து கேட்டாள்.

“இங்க விக்கிற முடி வேணாம். எவ தலையில இருந்ததோ, எந்த சாவுக்கு எடுத்ததோ. தாலியறுத்தவ முடி எம் பொண்ணு தலையில ஏறக் கூடாது. வெளிநாட்டு முடியா பாத்து வரவைங்க.”

பெட்டி பிரிக்காத முடியாக இருக்கவேண்டும், ஆனால் வாடகைக்குத்தான் எடுப்பாள், கல்யாணம் முடிந்ததும் திருப்பிவிடுவாள். பணக்காரர்களின் சுத்தத்துக்கு அப்படி ஒரு கணக்கு. போகும்போது தைலம்மாளின் கழுத்தைப் பார்த்தாள். அந்தப் பெண் ஜடையைத் தனியாக வைத்துப் பின்னித் தரட்டும், மகளைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

விஜயலட்சுமி கெட்டவள் இல்லை. கொஞ்ச நேரம் பவுடர் டப்பாக்களை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்.

“இனிமே கல்யாண வேலதான் தைலா பொழப்பு. அதுக்கு உன்ன இட்டுக்கினு போவ முடியலன்னா, நா உன்ன வச்சிக்கினு இன்னா பண்றது, நீயே சொல்லு. இந்தக் கல்யாணத்துக்கு வா. எப்பிடி போவுதுன்னு பாப்போம்.”

தைலம்மாள் தலையாட்டினாள். அவளுக்குப் பயமாக இருந்தது. வீட்டில் எட்டாவது படிக்கிற மகள் அபிநயா இருக்கிறாள். தைலம்மாளுக்குத் தெரிந்ததும் பிடித்ததும் இந்த ஒரு வேலைதான்.

சேலத்து முடி வியாபாரி காசிநாதன் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். பளபளப்பான அட்டைப்பெட்டி, மேலே ஒரு சீனத்துப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள், எழுத்தெல்லாம் கூரை வேய்ந்த குடிசைகள் மாதிரி இருந்தது. அந்த ஊர்ப் பெண்களுக்கு இவ்வளவு நீள முடியா என்று தைலம்மாள் கேட்டாள். காசிநாதன் சிரித்தார். நம் தெருக்களில் பாத்திரத்துக்கு மாற்றி வாங்குகிற முடிதான், கல்கத்தாவுக்குப் போகிறது, பர்மா வழியாகவோ வேறு வழியாகவோ சீனாவுக்குப் போகிறது, அங்கே அலசித் தைத்துப் பெட்டியில் போட்டு நமக்கே அனுப்புகிறார்கள் என்றார். இங்கே தைத்தால் கட்டுப்படியாகாது, அங்கே தைத்தால்தான் மலிவு, அதுதான் இந்தக் காலத்து வியாபாரம் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார். அப்போது விஜயலட்சுமி கீழே பூக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

தைலம்மாள் பெட்டியைப் பிரித்து முடியை மடியில் போட்டுக்கொண்டாள். ஜன்னல் வெயில் அதன்மேல் விழுந்தது. விழுந்த இடம் செம்பு நிறமாக மின்னியது. அவள் அதை மெல்லத் தூக்கி நுனியைப் பார்த்தாள். நுனி மட்டும் சுருண்டிருந்தது.

கருணாபுரத்தில் அவள் முடிக்குப் பேர் உண்டு. இடுப்புக்குக் கீழே தொங்கும், நிழலில் கறுப்பு, வெயிலில் செம்பு, நுனியில் மட்டும் சுருள். குடிக்காத நாட்களில் ராசு அதற்கு எண்ணெய் தடவிவிடுவான். ஒரு ஊர்ச் செக்கே வேண்டும்போல இருக்கிறது என்று அலுத்துக்கொண்டே, கடைசி இழை வரைக்கும் தடவுவான். அவன் போய்க் காரியம் முடிந்தபின் ஒருநாள் அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். அவ்வளவு முடியையும் ஒற்றையாக அலச முடியவில்லை, அழுகைதான் வந்தது. கத்தரிக்கோலை எடுத்துப் பிடரியோடு வெட்டி, முடிக்குப் பாத்திரம் என்று வண்டியில் கூவிக்கொண்டு போனவனிடம் கொடுத்துவிட்டாள். அவன் ஒரு எவர்சில்வர் அன்னக்கூடை கொடுத்தான். அன்றிலிருந்து சோறு வடிப்பது அதில்தான்.

இப்போது மடியில் கிடப்பது அவளுடைய முடியா? ஆயிரம் தலை முடியை ஒன்றாகக் கலந்து தைக்கிற இடத்திலிருந்து வருவது. செம்பு நிறமும் சுருளும் உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தானா? நம்புகிறவர் நம்பலாம், சிரிக்கிறவர் சிரிக்கலாம். தைலம்மாள் நம்பினாள். தன் முடி என்பதைக் கை அறியாதா?

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் மூன்று காலாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தாள். ஒவ்வொரு பின்னலுக்கும் ஒரு ஊர் வந்தது. மழை பெய்கிற கல்கத்தாவில் ஒரு கிடங்கு, மூட்டைகளுக்கு நடுவே தன் முடி மட்டும் தூங்காமல் கிடக்கிறது. காட்டுக்குள் ஒரு ஆறு, இக்கரை ஒரு நாடு, அக்கரை ஒரு நாடு, ஓடத்தில் போகிற சாக்கின் வாயிலிருந்து ஒரு இழை தண்ணீரைத் தொட்டுக்கொண்டே போகிறது. பிறகு பனி பெய்கிற ஊரில் நீளமான ஒரு கூடம். வரிசையாகப் பெண்கள் தைக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி அவள் முடியை எடுத்துச் சிக்கெடுக்கிறாள், மெதுவாக, வலிக்குமோ என்பதுபோல. அவளுக்கும் புருஷன் இருந்தானோ, இருக்கிறானோ? அங்கே யாரும் கழுத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார்கள். பிறகு கப்பல், கடல், கடல், கடல். தைலம்மாள் கடலைப் பார்த்ததில்லை. அவள் முடி பார்த்துவிட்டது.

விஜயலட்சுமி பூவோடு மேலே வந்தபோது ஜடை முடிந்திருந்தது. இவ்வளவு அழகாக ஒரு ஜடையைத் தான் பார்த்ததில்லை என்றாள். தைலம்மாள் உண்மையைச் சொல்ல வாய் எடுத்தாள். சொன்னால் இந்தக் கல்யாணம் போகும், பார்லர் பேர் போகும், தன் வேலையும் போகும். வாயை மூடிக்கொண்டாள்.

முகூர்த்தத்துக்கு விடிகாலையில் வேன் கிளம்பியது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை இருட்டில் ஒரு கறுப்புத் துணி மாதிரி கிடந்தது. மலை ஏற ஏறப் பனி இறங்கியது. கரியாலூரில் கோயில் எங்கே, மரம் எங்கே என்று தெரியவில்லை. நாயனச் சத்தம் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து வந்தது. தைலம்மாள் ஜடையைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்திருந்தாள். கோயிலை ஒட்டிய அறை வாசலில் அதை விஜயலட்சுமியிடம் கொடுத்துவிட்டு, வேனுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் போய் உட்கார்ந்தாள்.

உள்ளே ஜடை நிற்கவில்லை. காதளவு முடியில் அவ்வளவு கனம் எப்படி நிற்கும்? விஜயலட்சுமி ஊசி குத்தினாள், கிளிப் போட்டாள். பூ வைத்ததும் நழுவியது. மறுபடி குத்தினாள், பெண் குனிந்ததும் மொத்தமாக மடியில் வந்து விழுந்தது. ஐயர் வெளியே இருந்து இரண்டு தரம் குரல் கொடுத்துவிட்டார். விஜயலட்சுமி ஊசியைக் கீழே வைத்தாள். தைலா இருந்தால் தைத்துவிடுவாள் என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. அது வேண்டாம் என்றாள் லட்சுமியம்மாள்.

அப்போது செந்தமிழ்ச்செல்வி பேசினாள். கோபமாக இல்லை, களைப்பாக.

“அவங்கள கூப்டும்மா. இல்லன்னா நா இப்பிடியே மொட்டையா போயி ஒக்கார்றேன். போட்டோவுல நீ பாத்துக்கினே இரு.”

தைலம்மாள் உள்ளே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. குட்டை முடியைச் சின்னச் சின்னக் கயிறாகத் தலையோடு ஒட்டிப் பின்னி, ஊசியில் கறுப்பு நூல் கோத்து, ஜடையை அதன்மேல் வைத்துத் தைத்தாள். பெண்ணின் தலை கதகதப்பாக இருந்தது. தன் முடி ஒரு தலையில் மறுபடி ஏறுவதை அவள் விரல் உணர்ந்தது. கண் கலங்கியது, ஆனால் தையல் தப்பவில்லை. எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு சந்தோஷம் வந்து!

லட்சுமியம்மாள் மகளின் தலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஜடை அசையவில்லை. ஜன்னல் வழியே பனி விலகி வந்த வெயிலில் அது செம்பாக மின்னியது. அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள்.

“கைதான் இப்பிடி ஆச்சு. முடியாவது நல்ல எடத்து முடி.”

விஜயலட்சுமி தரையைப் பார்த்தாள். தைலம்மாள் ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஆமாம்மா. நல்லா வாழ்ந்தவ முடிதான்.”

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். தைலம்மாள் அறை வாசலில் நின்று தூரத்திலிருந்து பார்த்தாள். மேளம் வேகம் எடுத்தது. எல்லோர் கையும் உயர்ந்தது. மஞ்சள் அரிசி பெண்ணின் தலையிலும் முதுகிலும் ஜடையிலும் விழுந்தது. பனிக்குள் அது சத்தமில்லாத மழைபோல இருந்தது.

இரண்டு நாள் கழித்து, சொன்னபடி ஜடை பார்லருக்குத் திரும்பி வந்தது. வாடிய பூவை எடுத்துவிட்டுத் தைலம்மாள் அதைப் பிரித்தாள். பின்னலுக்குள் சிக்கியிருந்த அட்சதை ஸ்டூலைச் சுற்றி உதிர்ந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த விஜயலட்சுமி, செந்தமிழ்ச்செல்வி தன் சிநேகிதிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள், சங்கராபுரத்தில் கல்யாணம், ஜடை தைத்த அக்காதான் வரவேண்டுமாம் என்றாள். பொட்டு, கழுத்து என்று எதையும் அவர்கள் கேட்கவில்லையாம். தைலம்மாள் குனிந்து அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சாயங்காலம் வீட்டில் உலை வைத்தபோது அதையும் சேர்த்துப் போட்டு, அன்னக்கூடையில் வடித்தாள். சோற்றில் அங்கங்கே ஒரு மணி மஞ்சளாக இருந்தது. இன்னாம்மா இது என்று அபிநயா கேட்டாள்.

“கல்யாணச் சோறு,” என்றாள் தைலம்மாள். “நம்ம வூட்டுக்கு ஆசீர்வாதம் பண்ணி அனுப்ச்சிருக்காங்க. சாப்புடு.”