எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாள்?

அருங்காட்சியகத்தில் சலூன்காரர் அந்தப் பளிங்குப் பெண் சிலைக்கு முன்னால் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றார். ஆசை ஆசையாய் வந்த மனுஷனுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அவர் கடையின் பின்சுவரில், காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சுக்கு மேல், இந்தப் பெண்ணின் பெரிய படம் மாட்டியிருந்தது. கடையை முன்பு நடத்தியவர் விட்டுப் போனது. கத்தரிக்கோலோடு நிமிரும்போதெல்லாம் அவள் கண்ணில் படுவாள். யாரோ கூப்பிட்டதுபோல் தலை திருப்பி, ஒரு கற்றை முடி தோளில் சரிய நிற்பாள். கல்லில் இப்படி முடி செதுக்க முடியுமா என்று வருகிறவர்களிடமெல்லாம் காது புளிக்கப் பேசியிருக்கிறார். சாவதற்குள் ஒரு தடவை அவளை நேரில் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதற்காகவே கடையைப் பூட்டிவிட்டு, ரயில் மாறி பஸ் மாறி மனைவியோடு வந்து சேர்ந்திருந்தார்.

"இது அவ இல்ல," என்றார்.

"என்ன உளர்றீங்க?"

"நம்ம கடையில இடது பக்கம் திரும்பியிருப்பா. இவ வலது பக்கம் பார்க்கிறா. முடியும் மாறிக் கிடக்கு. முகமே வேற."

விறுவிறுவென்று காவலரிடம் போய், அசல் எங்கே என்று கேட்டார்.

"இதுதாங்க அசல். இது ஒண்ணுதான் இருக்கு," என்றார் காவலர்.

மனைவிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "படத்தைத் துடைக்கிறவ நான், எனக்குத் தெரியாதா? படத்துலயும் இப்படித்தான் இருக்கா. கடை திறந்ததும் கண்ணாடியைப் பார்த்து நிக்கிறவரு, என்னைக்காவது திரும்பிப் பார்த்திருக்கீங்களா? அவளைக் கண்ணாடிக்குள்ளதானே பார்த்தீங்க!"

சலூன்காரர் சிலையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்தது. புரிந்து என்ன பிரயோசனம்? எதிரே நிற்பவள் இன்னும் முன்பின் தெரியாதவளாகவே இருந்தாள். அப்படியென்றால் இத்தனை வருஷம் யார்மேல் உயிரை வைத்திருந்தார்?

பார்க்கப் பாவமாக இருந்தது மனைவிக்கு. கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்து நீட்டினாள். "அந்தப் பக்கம் திரும்பி நின்னு பாருங்க."

இவ்வளவு தூரம் வந்து, சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கண்ணாடிக்குள் அவளேதான்! அதே திருப்பம், அதே கற்றை. அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

கண்ணாடியைச் சற்றே சாய்த்தபோது பக்கத்தில் இன்னொரு முகம் தெரிந்தது. மச்சம் கன்னம் மாறி, வகிடு பக்கம் மாறி, யாரோ ஒருத்தி. ஒரு நொடி திகைத்துத்தான் போனார். மனைவி! கண்ணாடியில் சிலை சரியாக இருந்தால் இவள் மாறிப்போகிறாள். நேரில் இவள் சரியாக இருந்தால் சிலை மாறிப்போகிறது. இது என்னடா கூத்து என்று அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

கண்ணாடியைக் கொடுத்துவிட்டு மெல்லத் திரும்பினார்.

"இப்பவும் யாரோ மாதிரிதான் இருக்கா," என்றார்.

மனைவி சிலைக்கு எதிரே கிடந்த பெஞ்சில் அவருக்கும் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"கல்யாணமான புதுசுல நானும் உங்களுக்கு யாரோதானே? வந்து உக்காந்து பாருங்க."