சாவித் துவாரம் இல்லாத கதவு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வலது கைக் கட்டைவிரலிலிருந்து வந்தது. மற்ற ஒன்பது விரலும் மருதாணியில் சிவந்து கிடக்க, இது ஒன்று மட்டும் வெளுத்துப் போய் நிற்கிறது. இன்று ஆடிப் பதினெட்டு. காலையில் எழுந்ததும் அதைப் பார்த்தேன், எழுத உட்கார்ந்துவிட்டேன். போனில் தட்டுவதும் இதே விரல்தான்.

கதை என்றால் அச்சில் வருகிற தமிழில் இருக்கணுமாம். பேத்தி கனிமொழியின் கட்டளை. "நீ பேசற மாரியே எழுதுனா ஒருத்தரும் படிக்க மாட்டாங்க ஆயா." சரி என்றேன். ஆனால் அடைப்புக்குறிக்குள் அவள் சட்டம் செல்லாது.

(இங்க நான் என் இஷ்டத்துக்குப் பேசுவேன். உங்களுக்குப் புடிக்கலன்னா தாண்டிப் போயிருங்க. ஆனா நல்ல விசயம் பூரா இங்கதான் கெடக்கும், அப்பறம் என்னைச் சொல்லாதீங்க.)

2

முதல் தொடக்கம்: "நல்லம்பள்ளியில் ஓர் அழகிய இல்லம் இருந்தது." அடித்துவிட்டேன். இல்லமும் இல்லை, அரண்மனையும் இல்லை. ஒரு ஹால், ரெண்டு ரூம், மொட்டை மாடியில் ஒரு தண்ணித் தொட்டி. என் மகள் தேவிப்பிரியா கட்டியது. ஆஸ்பத்திரியில் நர்ஸ். கட்டினவனை விட்டு வந்து ஆறு வருஷம். பத்திரத்தில் அவள் பேர் மட்டும்தான் இருக்கிறது.

(அந்தப் பேரை நான் எத்தன தடவ எடுத்து எடுத்துப் பாத்தேன்னு கேக்காதீங்க. கண்ணாடி போட்டுப் பாத்தேன், போடாமயும் பாத்தேன்.)

இரண்டாம் தொடக்கம்: "பூட்டுகள் பல வகைப்படும். அவற்றுள் சாவியற்ற பூட்டு என்பது" — பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கிறது. வேண்டாம்.

மூன்றாவது: "தேவிப்பிரியாவின் அண்ணன் குப்புராஜின் கையில், எப்படியோ, அந்த வீட்டுச் சாவி ஒன்று போய்ச் சேர்ந்திருந்தது."

இது நன்றாக இருக்கிறது. இதிலிருந்து போகலாம்.

3

குப்புராஜ் என் மூத்த மகன். இண்டூரில் இருக்கிறான். கனிமொழி இவன் மகள்தான். தங்கை மேல் உயிர். அந்த உயிரோடு எப்போது வேண்டுமானாலும் சாவி போட்டுத் திறந்து உள்ளே வருவான். ஒரு நாள் டிவியை வேறு சுவருக்கு மாற்றிவிட்டுப் போனான். இன்னொரு நாள் பிரிட்ஜில் ஆட்டுத்தலை இருந்தது.

ஆனி மாதத்தில் ஒரு நாள் நான் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தேன். தேவிப்பிரியா இரவு டியூட்டி முடித்து வந்து, நைட்டியோடு ஹாலிலேயே விழுந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கதவு திறக்கிற சத்தம். கண் விழித்தால் தலைமாட்டில் நாலு பேர். முன்பின் பார்க்காத முகங்கள்.

"எந்திரி பாப்பா, பொண்ணு பாக்க வந்துருக்காங்க" என்றானாம் கூட வந்த குப்புராஜ். "நல்ல எடம். காப்பி போடு."

அவள் எழுந்தாள். துண்டைப் போர்த்திக்கொண்டு காப்பி போட்டாள். ஆளுக்கொரு டம்ளர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "நான் தூங்கணுங்க. ராத்திரி முழிச்சிருந்தேன். குடிச்சிட்டு டம்ளர அங்கயே வெச்சிட்டுப் போங்க." ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

(அவ என் மகளாச்சேங்க!)

அன்று சாயங்காலம் நான் திரும்பி வந்ததும் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "பூட்ட மாத்தணும்மா. எதுன்னு நீயே போய்ப் பாத்து எடுத்துட்டு வா."

4

தர்மபுரியில் சலாவுதீன் பாய் கடை. பூட்டு, தாழ்ப்பாள், கதவுச் சாமான் எல்லாம் இருக்கும். பாய் முதலில் ஒன்றைக் காட்டினார்.

"இது போன்லயே தொறக்கும்மா. நீங்க வத்தல்மலை மேல இருந்தாக்கூட இங்க வூட்டத் தொறந்துக்கலாம்."

"நான் வத்தல்மலையில இருக்கறப்ப இங்க யாருங்க பாய் உள்ள போறது?"

சிரித்துவிட்டு அடுத்ததை எடுத்தார். விரல் வைத்தால் திறக்கும், நம்பர் போட்டாலும் திறக்கும். "அவசரத்துக்கு ரெண்டு சாவியும் குடுத்துருவோம்."

"அந்தச் சாவிதான் வேணாம்."

"பேட்டரி தீந்து போச்சின்னா?"

"சாவி இருந்தா ஒருத்தன் கேப்பான் பாய். கேட்டா நான் குடுத்துருவேன்."

பாய் உள்ளே போய் மூன்றாவது ஒன்றைக் கொண்டுவந்தார். சாவித் துவாரமே கிடையாது. விரலும் நம்பரும் மட்டும். கதவு சாத்தினதும் தானாகப் பூட்டிக்கொள்ளும். பேட்டரி தீர்ந்தால் அடியில் ரெண்டு புள்ளி இருக்கிறது, அங்கே வெளியிலிருந்து ஒரு சதுர பேட்டரியை ஒட்ட வைத்தால் உயிர் வரும். நான் நம்பவில்லை. உள்ளே இருந்த பேட்டரியைக் கழற்றச் சொல்லி, ஒட்ட வைத்துத் திறந்து காட்டச் சொன்னேன். மூன்று தடவை காட்டினார்.

"பையன ஒரு தடவ கூட்டிட்டு வாங்கம்மா, செட்டிங் சொல்லித் தரேன்."

"எனக்கே சொல்லிக் குடுங்க."

சொல்லிக் கொடுத்தார். நூறு விரல் பிடிக்குமாம். வீட்டில் மாட்டியதும் முதலில் தேவிப்பிரியா விரலை வைத்தாள், அடுத்து என் கட்டைவிரலை. செட்டிங் பண்ணியது நான். தொண்ணூற்றெட்டு காலி.

5

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. மேலே "எப்படியோ" என்று எழுதினேன் அல்லவா? அந்த வார்த்தை பல்லில் சிக்கின நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எப்படியோ இல்லை. நான் கொடுத்தேன்.

கிரகப்பிரவேசத்தன்று, தேவிப்பிரியா வந்தவர்களுக்குப் பந்தி பார்த்துக்கொண்டிருந்தபோது, ரெண்டாவது சாவியை வளையத்திலிருந்து கழற்றி அவன் சட்டைப் பையில் போட்டேன். "ஆம்பள கையில ஒண்ணு இருக்கட்டும்டா" என்றேன். அவளைக் கேட்கவில்லை. அவள் வீடு, அவள் சாவி.

(கதையில வர அம்மா ரொம்ப நல்லவளா இருந்தா சந்தேகப்படுங்க. எழுதறது அவளேதான்.)

அதனால்தான் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். "புதுப் பூட்ட பத்தி அண்ணங்கிட்ட நீதான் சொல்லணும். குடுத்தது நீ." சொல்கிறேன் என்றேன். பூட்டு மாட்டி ஒரு வாரம் ஓடியது. நாலு தடவை போன் பேசினேன், மழை வருமா என்று கேட்டேன், சொல்லவில்லை.

6

நேற்றுச் சாயங்காலம். பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் மருதாணி அரைத்து வைத்திருந்தாள். ஆடி நோம்பிக்கு மருதாணி இல்லாமல் எப்படி? நானும் தேவிப்பிரியாவும் கதவைச் சாத்திவிட்டுப் போனோம். மூன்று பேருக்கும் பத்து விரலிலும் தொப்பி, உள்ளங்கையில் வட்டம். அப்போதுதான் பார்த்தோம்: எங்கள் மாடித் தொட்டி நிறைந்து, சுவர் வழியாகத் தண்ணீர் ஊற்றுகிறது. மோட்டாரை நிறுத்தாமல் வந்திருக்கிறோம். சுவிட்ச் உள்ளே.

கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் ஓடினோம். வாசலில் நின்ற பிறகுதான் உறைத்தது. திறக்க விரல் வேண்டும். முப்பது விரல் இருக்கிறது, ஒன்றும் உதவாது.

"ஏம்மா, இந்தப் பூட்டச் செஞ்சவன் மருதாணின்னு ஒண்ண கேள்வியே பட்டதில்லையா?" என்றாள் குள்ளம்மாள்.

அந்த நேரத்தில் கார் வந்து நின்றது. குப்புராஜ். மறுநாள் ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப் போகிற விவரம் பேச வந்தான். கையில் ஒரு பை கொய்யாப்பழம். இன்னொரு கையில் சாவி, வழக்கம்போல. கதவுக்குப் போய்த் தடவித் தடவிப் பார்த்தான்.

"ஏம்மா, ஓட்டையக் காணோம்?"

தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது.

"நம்பர் பூட்டா? இத்தன தண்ணி வீணாப் போவுது, நின்னு பாக்கறீங்க. நம்பரச் சொல்லு பாப்பா, நான் அமுக்கறேன்."

அந்த இடத்தில் காய்ந்த கை அவனுடையது ஒன்றுதான். தேவிப்பிரியா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

7

இந்த இடத்தில் மூன்று முடிவு எழுதினேன்.

அ. அம்மா நம்பரைச் சொல்லிவிடுகிறாள். மோட்டார் நிற்கிறது. எல்லோரும் கொய்யா சாப்பிடுகிறார்கள். — இதை எழுதி முடித்ததும் எனக்கே வயிறு எரிந்தது.

ஆ. குள்ளம்மாள் சொல்படி அம்மா மூக்கால் நம்பரை அமுக்குகிறாள். "மூக்கு என்னாத்துக்கு இருக்குது, மூக்குத்தி மாட்ட மட்டுமா?" இப்படி அவள் சொன்னது நிஜம். நான் செய்யவில்லை. பக்கத்தில் நிற்பவனுக்கு நம்பர் தெரிந்துபோகும்.

இ. நடந்தது. கட்டைவிரல் தொப்பியைச் சுவரில் தேய்த்து உதிர்த்தேன். மேலேயிருந்து ஊற்றுகிற தண்ணீரில் அந்த விரலை மட்டும் நீட்டிக் கழுவினேன். இடுப்புச் சேலையில் துடைத்தேன்.

"இது பாப்பா வூடு குப்பு. சாவி நான் குடுத்தது தப்பு. இனிமே நீயும் வந்தா பெல் அடி."

விரலை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்து, கதவு திறந்தது. உள்ளே போய் மோட்டாரை முழங்கையால் நிறுத்தினேன். திரும்பி வந்தபோது அவன் போயிருந்தான். கொய்யாப் பையும் அதன் மேல் அந்தச் சாவியும் வாசப்படியில் இருந்தன.

தேவிப்பிரியா இரவு தூங்கப் போகும்போது என் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இது மட்டும் செவக்கலம்மா" என்றாள்.

(அந்தக் கொரலை எழுத்துல கொண்டாரத் தெரியலைங்க. மோதிரம் போட்ட மாரி இருந்துச்சு எனக்கு.)

8

இங்கே முடிக்கலாம் என்றுதான் இருந்தேன். கடைசி வரியாக, "அன்றிலிருந்து அந்த வீட்டில்"

பெல் அடிக்கிறது.

இந்த நேரத்தில் வேறு யாரும் வர மாட்டார்கள். வெளியே நிற்பது அவன் கார். எந்த வீட்டிலும் பெல் அடித்துப் பழகாதவன், அழுத்தின கையை எடுக்கத் தெரியாமல் நீளமாக அடிக்கிறான். ரூமிலிருந்து தேவிப்பிரியா எட்டிப் பார்க்கிறாள். தலை சீவினது பாதியில் நிற்கிறது, சிவந்த விரலில் சீப்பு.

"அண்ணனா? பெல்லா அடிக்குது?"

ஆமாம் என்று தலையாட்டினேன். எழுந்திருக்கவில்லை. அவளும் இன்னும் நகரவில்லை.

உள்ளேயிருந்து திறக்க விரலும் வேண்டாம், நம்பரும் வேண்டாம். கைப்பிடியை இறக்கினால் போதும். அது வெளுத்த விரல் இருக்கிற கையா, பத்தும் சிவந்த கையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் போனைக் கீழே வைக்கிறேன்.